கனமான பைக்கும் ஒரு சின்ன டேப்பும்

‘பைக்கே வேண்டாம்’ என்று சொல்லி ஜெயித்த பெற்றோர் நம்மில் எத்தனை பேர்? வேலைக்கென்று தில்லிக்கும் நொய்டாவுக்கும் வந்து சேரும் நம் பிள்ளைகள், கையில் நாலு காசு சேர்ந்ததும் முதலில் நினைப்பது பைக்கைத்தான். என் அக்கா மகனும் அப்படித்தான். செகண்ட் ஹாண்டில் ஒரு சுசுகி ஹயபூசாவை வாங்கி, மயூர் விகாரில் எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். திருநெல்வேலியிலிருந்து அக்கா போனில், “தம்பி, நீயாவது அவனைக் கொஞ்சம் பார்த்துக்கோ” என்றாள்.

அவனிடம் நான் கேட்டது ஒன்றுதான்: “வேகமாய்ப் போக ஆசை என்றால் ரோட்டில் போகாதே, அதற்கென்று இருக்கும் தடத்தில் போ.” அவனும் கேட்டுக்கொண்டான். கிரேட்டர் நொய்டாவில் 2011-ல் திறக்கப்பட்ட புத்த் பந்தயத் தடம் நமக்குப் பக்கம்தான். 5.125 கிலோமீட்டர் நீளம், 16 வளைவுகள். 2023 செப்டம்பரில் மோட்டோ ஜி.பி. பந்தயம் நடந்த இடம். அங்கே பயிற்சி நாள் ஒன்றில் பணம் கட்டிச் சேர்ந்தான்.

மாலையில் திரும்பியவன் முகத்தில் களையில்லை. “மாமா, வண்டி என் பேச்சைக் கேட்கவில்லை. நீளமான நேர்பாதை முடிந்து பிரேக் பிடித்தால் பின்சக்கரம் இரண்டு பக்கமும் ஆடுகிறது. ஒரு முறை தடத்தை விட்டே வெளியே போய்விட்டேன்” என்றான். நல்லவேளை, விழவில்லை. லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்துப் புது ஷாக் அப்சார்பர் போடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தான். ரயில்வே பணிமனையில் ஸ்பிரிங்குகளோடு காலம் தள்ளியவன் நான். “முதலில் அளந்து பார்ப்போம், வாங்குவது அப்புறம்” என்றேன். அன்று செய்ததை, இதே நிலையில் உள்ள மற்ற குடும்பங்களுக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

ஹயபூசா 1,340 சி.சி. வண்டி. பெட்ரோலோடு சேர்த்துச் சுமார் 265 கிலோ. சாதாரண 100 சி.சி. வண்டியைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். இவ்வளவு கனம் வேகமாய்ப் போய்ச் சட்டென்று பிரேக் பிடிக்கும்போது பாரம் முழுவதும் முன்னால் சாய்கிறது. முன் ஸ்பிரிங் அமுங்குகிறது, பின் ஸ்பிரிங் நீள்கிறது. ஆக்ஸிலேட்டரைத் திருகினால் இதற்கு நேர் எதிர். இந்த ஊசலாட்டத்தின் நடுவே இரண்டு டயரையும் தரையோடு ஒட்ட வைத்திருப்பதுதான் சஸ்பென்ஷனின் வேலை. டயர் தரையை விட்டால் பிரேக்கும் இல்லை, திருப்பமும் இல்லை.

கம்பெனியில் வைத்து அனுப்பும் அமைப்பு பொதுவான ஒரு ஆளுக்கு, பொதுவான ரோட்டுக்கு. செகண்ட் ஹாண்ட் வண்டியிலோ முந்தைய சொந்தக்காரர் தம் எடைக்கு மாற்றி வைத்திருப்பார். ஆகவே முதல் கேள்வி, ‘இந்த ஆள் ஏறினால் இந்த வண்டி எவ்வளவு இறங்குகிறது?’ என்பதுதான். இதை ஆங்கிலத்தில் ‘ஸாக்’ என்பார்கள். நாம் ‘இறக்கம்’ என்று வைத்துக்கொள்வோம்.

அளப்பதற்கு மூன்று பேரும் ஒரு டேப்பும் போதும். பின்பக்கத்துக்கு, சக்கர அச்சிலிருந்து நேர் மேலே வால் பகுதியில் ஒரு புள்ளியைக் குறித்துக்கொள்ள வேண்டும். பின்சக்கரம் தரையில் படாதபடி தூக்கி அளப்பது முதல் அளவு. பிறகு ஓட்டுபவர் ஹெல்மெட், தோல் உடை, பூட்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டு, ஓட்டும் நிலையிலேயே உட்கார வேண்டும். ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வண்டியை அமுக்கி, மெதுவாக எழவிட்டு அளப்பது இரண்டாவது. தூக்கி, மெதுவாக இறங்கவிட்டு அளப்பது மூன்றாவது. உள்ளே உராய்வு இருப்பதால் இரண்டும் ஒன்றாக வராது. சராசரி எடுக்க வேண்டும். முதல் அளவிலிருந்து அந்தச் சராசரியைக் கழித்தால் இறக்கம்.

எங்களுக்கு வந்த கணக்கு: முதல் அளவு 620 மில்லிமீட்டர். அடுத்தவை 598, 606. சராசரி 602. இறக்கம் வெறும் 18. தடத்தில் ஓட்டுவதற்குப் பின்பக்கம் 25 முதல் 30 மி.மீ., முன்பக்கம் 30 முதல் 35 மி.மீ. என்பது பொதுவான அளவு. முன்பக்கம் இதே முறையில் அளந்தபோது 44 வந்தது. வண்டியின் கதை அப்போதே புரிந்துவிட்டது. பின்னால் தூக்கிக்கொண்டு நிற்கிறது, முன்னால் தொங்குகிறது. பிரேக் பிடித்ததும் முன்பக்கம் ஆழமாக முழுகுகிறது. பின் ஸ்பிரிங் நீள்வதற்கு மிச்சமே இல்லாமல் சக்கரம் தரையை விட்டுத் தத்தளிக்கிறது. பழைய சொந்தக்காரர் நல்ல கனமான ஆளாக இருந்திருப்பார், அல்லது பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு போயிருப்பார். நம் பையனோ ஒல்லிக்குச்சி.

இதைச் சரிசெய்வது ‘பிரீலோட்’, அதாவது ஸ்பிரிங்கின் முன்னழுத்தம். முன்னால் ஃபோர்க்கின் தலையில் உள்ள திருகு, பின்னால் ஷாக் அப்சார்பரின் மேல் உள்ள வளைய நட்டு. பின்னால் தளர்த்தி 29-க்குக் கொண்டுவந்தோம். முன்னால் இறுக்கி 35 ஆக்கினோம். பலர் செய்யும் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். பிரீலோட்டை இறுக்கினால் ஸ்பிரிங் கடினமாகாது, வண்டியின் உயரம்தான் மாறும். அளவு சரியாக வந்த பின், ஆள் இறங்கிய நிலையிலும் பின்பக்கம் தன் எடையிலேயே 5 முதல் 10 மி.மீ. வரை இறங்க வேண்டும். கொஞ்சமும் இறங்கவில்லை என்றால் அந்த ஆளுக்கு அந்த ஸ்பிரிங் மெலிது. மிக அதிகமாக இறங்கினால் கடினம். ஸ்பிரிங்கை மாற்றும் பேச்சு அப்போதுதான் வர வேண்டும். எங்களுக்கு 8 வந்தது. லட்ச ரூபாய் மிச்சம்!

அடுத்தது டேம்பிங். ஸ்பிரிங் அமுங்கும் வேகத்தைத் தடுப்பது கம்ப்ரெஷன். அமுங்கியது திரும்பி எழும் வேகத்தைத் தடுப்பது ரீபவுண்ட். இரண்டும் எண்ணெய் சிறு துளைகள் வழியே போகும் வேகத்தைக் கட்டுப்படுத்துபவை. ரீபவுண்ட் குறைவாக இருந்தால் வண்டி பந்து போல் துள்ளும். அதிகமாக இருந்தால் ஒரு மேட்டில் அமுங்கியது அடுத்த மேட்டுக்குள் எழாமல், மேலும் மேலும் தாழ்ந்துகொண்டே போகும். கையில் தொடுமுன் ஒன்று செய்யுங்கள்: ஒவ்வொரு திருகையும் வலப்பக்கம் மெதுவாக முழுதும் மூடி, எத்தனை ‘கிளிக்’ என்று எண்ணி எழுதிக்கொண்டு, பழைய இடத்துக்கே திருப்பி வையுங்கள். வழி தவறினால் வீடு திரும்ப அந்தக் கணக்கு வேண்டும்.

அடுத்த மாதம் தடத்துக்கு நானும் கூடப் போனேன். ஃபோர்க் குழாயில் ஒரு பிளாஸ்டிக் கட்டுப்பட்டையைச் சுற்றிவிட்டேன். முன்பக்கம் எவ்வளவு தூரம் அமுங்கியது என்பதற்கு அது சாட்சி. கடைசி 10 மி.மீ. மிச்சமிருந்தால் நல்லது, அடிமட்டம் வரை போயிருந்தால் கம்ப்ரெஷனைக் கூட்டிப் பார்க்கலாம், மீண்டும் அப்படியே என்றால் ஸ்பிரிங் மெலிது. பின்சக்கர ஆட்டம் நின்றுவிட்டது. ஆனால் நீண்ட வலது வளைவில் பின்பக்கம் ஊஞ்சல் போல் ஆடுகிறது என்றான். பின் ரீபவுண்டை 2 கிளிக் கூட்டினோம், ஆட்டம் அடங்கியது. ஆசைப்பட்டு இன்னும் 2 கூட்டினான். வண்டி வளைவில் வெளிப்பக்கமாக ஓடியது. குறைத்துவிட்டோம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், அதையும் நோட்டில் எழுதுவது: இதை விட்டால் எது நன்மை செய்தது, எது கெடுத்தது என்று தெரியாது. டயர் காற்றையும் தினம் முதலிலேயே பாருங்கள். தடத்துக்கு எவ்வளவு என்று டயர் கம்பெனி சொல்வதே கணக்கு. காற்று தவறாக இருக்கும்போது சஸ்பென்ஷனைத் திருகுவதில் பயனில்லை.

தடம் வேறு, ரோடு வேறு. குண்டும் குழியுமான நம் ரோட்டில் தடத்து அமைப்பு வண்டியை எகிற வைக்கும். ஆகவே வீடு திரும்புமுன் ரோட்டு அமைப்புக்கு மாற்றிவிட வேண்டும். அதற்கும் நோட்டில் ஒரு பக்கம் இருக்கிறது.

அன்று இரவு அக்காவுக்கு போன் செய்தேன். “விழுந்தானா?” என்றாள். “இல்லை, கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறான்” என்றேன். பிள்ளைகளின் ஆசையை நம்மால் நிறுத்த முடியாமல் போகலாம். டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொள்ள நம்மால் முடியும்.