கேட்க ஆளில்லாத கதைகள்

ரக்பி ஆட்டத்தில் 'ஸ்க்ரம்' என்று ஒரு கட்டம் உண்டு. சிறு விதிமீறலுக்குப் பிறகு ஆட்டத்தை மறுபடி தொடங்க, இரண்டு அணியிலிருந்தும் எட்டெட்டுப் பேர் குனிந்து, தோளோடு தோள் கோத்து எதிரெதிரே முட்டி நிற்பார்கள். முன்வரிசையில் அணிக்கு மூன்று பேர். அவர்களுடைய தலை எதிரணிக்காரர்களின் தலைகளுக்கு நடுவே செருகியிருக்கும். பின்னால் நிற்பவர்கள் உடம்பின் முழு பலத்தையும் கொடுத்துத் தள்ளுவார்கள். இந்தக் கட்டு சரிந்தால், முன்வரிசைக்காரரின் தலை தரையில் ஊன்றிக்கொள்ளும், கழுத்து மடங்கும், ஆனால் பின்னாலிருந்து வரும் பாரம் உடனே நிற்காது. கழுத்து முள்ளெலும்பு விலகித் தண்டுவடம் நசுங்க ஒரு நொடி போதும். மோதும் வேகத்தைக் குறைப்பதற்காக, முட்டுவதற்கு முன்பே இரு தரப்பும் ஒருவரையொருவர் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று 2013-ல் விதி மாற்றப்பட்டது.

ரக்பி ஆடும்போது தண்டுவடம் அடிபட்டு, நடக்க முடியாமல் போன 14 ஆண்களை இங்கிலாந்தில் இரண்டு ஆய்வாளர்கள் தேடிப் போனார்கள். ஒருவர் ஆண்ட்ரூ ஸ்பார்க்ஸ். அவரும் ரக்பி ஆடியவர்தான். முதுகு வலியால் விளையாட்டைக் கைவிட நேர்ந்ததைப் பற்றி 1996-ல் தன் உடம்பையே ஆய்வுப்பொருளாக்கி எழுதியவர். இன்னொருவர் பிரெட் ஸ்மித், பிற்பாடு டர்ஹம் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனவர். கேள்வித்தாளை நீட்டி 'ஆம், இல்லை' என்று குறி போடச் சொல்லும் வேலையை இவர்கள் செய்யவில்லை. மணிக்கணக்கில் உட்கார்ந்து, அவரவர் வாழ்க்கையை அவரவர் வாயாலேயே சொல்லக் கேட்டார்கள். பண்புசார் ஆய்வு என்று கல்விப்புலத்தில் சொல்லப்படும் முறை இது.

கேட்டதை அலச அவர்களுக்குக் கைகொடுத்தவர் கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்துச் சமூகவியலாளர் ஆர்தர் ஃபிராங்க். மாரடைப்பையும் புற்றுநோயையும் அடுத்தடுத்துக் கண்டு மீண்ட அவர், நோயுற்றவர்கள் தங்களைப் பற்றிச் சொல்லும் கதைகளை 1995-ல் மூன்று வகையாகப் பிரித்தார். 'பழையபடி ஆகிவிடுவேன்' என்பது மீட்சிக் கதை. 'இந்த அடியிலிருந்து புதிய ஒன்றைக் கற்றேன், வேறு ஆளாகியிருக்கிறேன்' என்பது தேடல் கதை. தொடக்கமும் முடிவும் இல்லாமல், இனி எதுவும் சரியாகாது என்று தடுமாறி நிற்பது குழப்பக் கதை.

அந்த 14 பேரில் பெரும்பாலானவர்கள் சொன்னது மீட்சிக் கதைதான். அதில் வியப்பில்லை. அடிபட்டால் ஓய்வு, அப்புறம் பயிற்சி, அடுத்த பருவத்தில் களத்துக்குத் திரும்புதல் என்று விளையாட்டே அவர்களுக்குக் காலம் முழுக்கச் சொல்லித்தந்த கதை அது. விளையாட்டுக்கு வெளியேயும் அதே குரல்தான் ஒலித்தது. குதிரையிலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்த 'சூப்பர்மேன்' நடிகர் கிறிஸ்டோபர் ரீவ், கணினி வித்தையால் எழுந்து நடப்பதாகக் காட்டிய விளம்பரம் 2000-ல் அமெரிக்காவின் சூப்பர் பௌல் இறுதியாட்ட ஒளிபரப்பில் வந்தது. 2004-ல் அவர் காலமானார். தண்டுவடக் காயத்தை முழுமையாகக் குணமாக்கும் சிகிச்சை இன்றைக்கும் இல்லை.

நம்பிக்கை வேண்டாம் என்று ஸ்பார்க்ஸும் ஸ்மித்தும் சொல்லவில்லை. எந்த வகை நம்பிக்கை, அது அன்றாட வாழ்க்கையை என்ன செய்கிறது என்றுதான் 2003, 2005 ஆண்டுகளில் வந்த கட்டுரைகளில் பார்த்தார்கள். குணமாகும் நாளை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பவருக்கு இன்றைய நாள் கழித்தாக வேண்டிய ஒன்றாகிவிடுகிறது. சக்கர நாற்காலியோடு வாழும் இன்னொரு வாழ்க்கையை யோசிக்கவே இடம் இருப்பதில்லை. தேடல் கதையைச் சொன்ன சிலருக்கு அந்த இடம் கிடைத்திருந்தது. பாராலிம்பிக் நேரத்தில் நம் பத்திரிகைகள் விரும்பி எழுதுவது இந்த இரண்டாம் வகையை. எழுதட்டும், பதக்கம் வாங்கியவரின் உழைப்பு உண்மையானது. ஆனால் அந்த ஒரு கதையையே எல்லா மாற்றுத்திறனாளிகளுக்கும் அளவுகோலாக வைப்பது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

ஏன் என்பதை இந்த ஆய்வில் 'ஜேமி' என்று புனைபெயர் தரப்பட்ட ஒருவரின் வாழ்க்கை காட்டுகிறது. 2008-ல் அவரைப் பற்றி மட்டுமே ஒரு கட்டுரை வந்தது. அடிபட்ட புதிதில் அவரும் மீட்சிக் கதையைத்தான் சொன்னார். சுற்றியிருந்தவர்களுக்கு அது பிடித்திருந்தது. கேட்கச் சிரமமில்லாத கதை. நாள் ஆக ஆக, உடம்பு அந்தக் கதைக்கு ஒத்துழைக்கவில்லை. அவர் அதைக் கைவிட்டுக் குழப்பத்தின் விளிம்புக்கு வந்தார். வலியையும் பயத்தையும் சொல்ல வாய் திறந்தபோது, கேட்க ஆள் இல்லை. ஒருவர் கதையைச் சொல்ல முடியுமா என்பது அவருடைய நாவன்மையை மட்டும் பொறுத்ததல்ல, எதிரே இருப்பவர்கள் எதைத் தாங்குவார்கள் என்பதையும் பொறுத்தது என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். தேறுதல் சொல்வதாக நினைத்து 'எல்லாம் சரியாயிடும்' என்கிறோமே, அந்தச் சொல்லே எதிரில் இருப்பவரின் வாயை அடைத்துவிடக்கூடும்.

அதோடு விடாமல், தங்கள் வழியாக ஜேமியின் கதையைக் கேட்டவர்கள் என்ன சொன்னார்கள் என்பதையும் 2011-ல் ஆராய்ந்தார்கள். சிலர் இதை மனச்சோர்வு என்று கண்டு சிகிச்சையைப் பேசினார்கள். சிலர் குற்றம் அவர் உடம்பில் இல்லை, அவரைத் தடுக்கும் சமுதாயத்தில் இருக்கிறது என்றார்கள். கேட்பவர் எங்கே நிற்கிறாரோ அதற்கேற்பக் கதை வேறாகிறது.

14 பேரை வைத்து என்ன சொல்லிவிட முடியும், ஒரே ஆளை வைத்து ஒரு கட்டுரையா என்று கேட்பவர்கள் உண்டு. விளையாட்டு அறிவியல் நெடுங்காலம் இதயத் துடிப்பையும் தசை வலுவையும் அளந்தே வளர்ந்த துறை என்பதால், இந்தக் கேள்வி அங்கே இன்னும் உரக்க எழும். 2018-ல் ஸ்மித் எழுதிய கட்டுரை இதற்கு நேராகப் பதில் சொன்னது. கருத்துக்கணிப்பைப் போல மக்கள்தொகை முழுமைக்கும் கணக்குப் போட்டுக் காட்டுவது பொதுமைப்படுத்தலில் ஒரு வகை மட்டுமே. நுணுக்கமாக எழுதப்பட்ட ஒருவரின் வாழ்க்கையைப் படிக்கும் மருத்துவமனைப் பயிற்சியாளர், தான் பார்க்கும் வேறொரு நோயாளியை அதில் அடையாளம் கண்டுகொண்டால், அந்த அறிவும் இடம் பெயர்ந்து பயன்படுகிறது.

அதே ஆண்டு கெர்ரி மெக்கானனோடு சேர்ந்து அவர் எழுதிய இன்னொரு கட்டுரை, சொந்தத் துறைக்காரர்களையே கேள்வி கேட்டது. முடிவுகளைப் பேட்டி கொடுத்தவரிடமே திருப்பிக் காட்டி 'சரிதானா' என்று ஒப்புதல் வாங்குவது அங்கே வழக்கம். அப்படி வாங்கினால் ஆய்வு உறுதியானது என்று ஒரு நம்பிக்கை. ஆனால் ஒருவர் மரியாதைக்காகத் தலையாட்டலாம், மனம் மாறியிருக்கலாம், தன்னைப் பற்றி எழுதியிருப்பதைப் படிக்கவே கூசலாம். அந்தத் தலையாட்டலை வைத்து உண்மையை முத்திரை குத்த முடியாது. திருப்பிக் காட்டுங்கள், ஆனால் அதை இன்னொரு உரையாடலாக நடத்துங்கள் என்றார்கள். ஒரே பேட்டியை இரண்டு ஆய்வாளர்கள் தனித்தனியே வகைப்படுத்தி, எத்தனை இடங்களில் ஒத்துப்போனார்கள் என்று எண் கொடுப்பதையும் அவர்கள் ஏற்கவில்லை. எண் இருந்தால்தான் அறிவியல் என்ற கூச்சத்திலிருந்து அந்தத் துறை வெளியே வர இந்தக் கட்டுரை துணைசெய்தது என்பது என் கணிப்பு.

கதை கேட்கும் ஆய்வாளர் எண்ணுக்கு எதிரி என்று இதைப் புரிந்துகொள்ளக் கூடாது. மாற்றுத்திறனாளிகளின் உடலியக்கம் பற்றிய சான்றுகளைத் தொகுத்து, பிரிட்டன் அரசின் தலைமை மருத்துவ அதிகாரிகளுக்கான பரிந்துரைகளை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் ஸ்மித்தான். மாற்றுத்திறனாளிப் பெரியவர்கள் வாரம் 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி, இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி செய்யலாம் என்றது அந்தப் பரிந்துரை. இந்தத் தகவலை ஒரே பக்கத்தில் சொல்லும் படத்தை 2018-ல் வெளியிட்டபோது, மாற்றுத்திறனாளிகளையும் உடன் உட்கார்த்தி வைத்தே அதைத் தயாரித்தார்கள். 'உட்காரும் நேரத்தைக் குறையுங்கள்' என்பது எல்லோருக்கும் சொல்லப்படும் வழக்கமான அறிவுரை. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு அதில் என்ன அர்த்தம்? இந்தப் படத்தில் அதற்குப் பதிலாக, நெடுநேரம் அசையாமல் இருக்காதீர்கள் என்று இருந்தது. 2022-ல் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான பரிந்துரை வந்தது. வாரத்துக்கு 120 முதல் 180 நிமிடம் வரை என்ற அந்த அளவை எப்படிச் சொன்னால் புரியும் என்பதை முடிவு செய்வதில், அந்தக் குழந்தைகளும் அவர்களுடைய பெற்றோரும் பங்கெடுத்தார்கள்.