புலித்தோல் போர்த்த துவக்கு

பசுவொன்று புலியின் தோலைப் போர்த்துக்கொண்டு பயிர் மேய்வதாகத் திருவள்ளுவர் ஓர் உவமை கூறினார். கூடாவொழுக்கம் என்னும் அதிகாரத்திலே, தவவேடம் பூண்ட பொய்யனைச் சுட்டுதற்கு எழுந்தது அது. மாணாக்கர்க்கு அக்குறளைப் பாடஞ் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஓர் எண்ணம் தோன்றுவதுண்டு. தோலுக்குள் இருப்பது பசுவே என்பதைப் படிக்கின்ற நாம் அறிவோம். அந்தி மயக்கத்திலே வேலிப்புறத்தே நின்று காண்பவன் எங்ஙனம் அறிவான்? அவன் கண்ணுக்கு அது புலியே. அஞ்சி அகல்வான், கையிலே வேலிருப்பின் எறிந்தும் விடுவான். வேடத்தின் பயனை நுகர்வது பசுவாயின், வேடத்தின் கேட்டையும் அதுவே நுகர நேரும்.

அமெரிக்க ஐக்கிய நாட்டிலே பெருவழக்காயுள்ள ஒரு கைவினை இவ்வுவமையை நினைப்பூட்டுகின்றது. முயலும் அணிலும் சுடுதற்கான சிறு துவக்கை வாங்கி, அதன் மரச்சோங்கைக் கழற்றி, கரிய பிளாத்திக்கும் உலோகமுங் கொண்டு புதுமேனி அமைத்து, போர்வீரன் ஏந்தும் துவக்குப்போலத் தோன்றச் செய்து மகிழ்வோர் அங்கே மிகப் பலர். வெறும் விளையாட்டென்று ஒதுக்கிவிடற்குரிய செய்தியன்று இது. உருவம் பெரிதா, உள்ளீடு பெரிதா என்னும் பழைய வினா இதனுள் அடங்கிக் கிடக்கின்றது. அவ்வினாவுக்கு நாட்டுக்கு நாடு சட்டம் வெவ்வேறு விடை கூறுகின்றது.

விளிம்பிலே வெடிப்பது

தோட்டாக்கள் பெரும்பாலும் இருவகைப்படும். ஒருவகையிலே, வெடியைத் தூண்டும் மருந்து தோட்டாவின் அடிநடுவில் ஒரு சிறு மூடியினுள் இருக்கும். மற்றதிலே, அம்மருந்து பித்தளைக் கூட்டின் அடிவிளிம்பினுள்ளே சுற்றிவரப் பரந்திருக்கும். துவக்கின் அடிமுள் விளிம்பை நசுக்க, மருந்து தீப்பற்றும். இதனையே றிம்பயர் என்பர். விளிம்புவெடித் தோட்டா என நாம் வழங்கலாம். விளிம்பு நசுங்கவேண்டுமாயின் தகடு மெல்லியதாயிருத்தல் வேண்டும். மெல்லிய தகடு பேரழுத்தத்தைத் தாங்காது. ஆதலின் இத்தோட்டா வலிமை குறைந்ததாகவே அமைந்தது. விலையும் ஓசையும் உதைப்பும் அங்ஙனமே குறைந்தன.

1845ஆம் ஆண்டளவிலே பாரிஸ் நகரத்துப் புளோபேர் என்பார் வீட்டினுள்ளே குறிபார்த்துச் சுடுதற்கென இதனை ஆக்கினார். 1857இல் சிமித் அன்ட் வெசன் நிறுவனம் இவ்வகைத் தோட்டாவுக்குரிய கைத்துப்பாக்கியை விற்பனைக்கு விட்டது. இன்று உலகெங்கும் வழங்கும் .22 லோங் றைபிள் என்னும் தோட்டா 1887இல் அமெரிக்காவின் ஸ்ரீவன்ஸ் நிறுவனத்தில் உருப்பெற்றது.

இங்கே ஒரு வியப்பு உண்டு. இச்சிறு தோட்டாவின் சன்னமும், எம் 16 என்னும் போர்த்துவக்கின் சன்னமும் விட்டத்தால் ஏறத்தாழ ஒன்றே; அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு கூறே வேற்றுமை. ஆயினும் முன்னது செக்கனுக்கு 370 மீற்றர் அளவிலும், பின்னது 990 மீற்றர் அளவிலும் குழலைவிட்டுப் புறப்படும். தாக்கும் ஆற்றலிலே பின்னது ஒன்பது பத்து மடங்கு மிக்கது. எனினும் சிறியதென்று இதனை இகழற்க. 1968 யூன் மாதத்தில் றொபேட் கென்னடியின் உயிரைக் குடித்தது .22 விளிம்புவெடித் தோட்டாவே.

படையினர் இட்ட வேடம்

சிறு துவக்குக்குப் பெருந்துவக்கின் வடிவைக் கொடுக்கும் வழக்கத்தை முதலிலே தொடங்கியோர் பொழுதுபோக்குவோர் அல்லர், படையினரே. பயிலும் வீரன் ஆயிரந் தோட்டா சுடல் வேண்டும். பெருந்தோட்டாவுக்குச் செலவு மிகுதி. சுடுதற்கு நெடுவெளியும் வேண்டும். ஆதலின் பிரித்தானியர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே லீ என்பீல்ட் துவக்குகளை .22 தோட்டாவுக்கு ஏற்ப மாற்றிப் பயிற்சிக்கு வைத்தனர். அமெரிக்கர் ஸ்பிறிங்பீல்ட் துவக்கின் சாயலில் 1922ஆம் ஆண்டு மாதிரியை அமைத்தனர். எடையும் பிடியும் குறிகாட்டியும் போர்த்துவக்கினை ஒத்திருந்தமையால், கையும் கண்ணும் பழகின. அங்கே ஒப்புமைக்கு ஒரு காரணம் இருந்தது.

யேர்மனியில் நிகழ்ந்தது வேறு. வெர்சாய் உடன்படிக்கை அந்நாட்டின் படைக்கலங்களை வரையறுத்திருந்தது. 1934இல் 'யேர்மன் விளையாட்டு மாதிரி' என்னும் பெயரோடு ஒரு .22 துவக்கு வெளிவந்தது. ஒரு முறைக்கு ஒரு தோட்டாவே இடத்தக்க அத்துவக்கு, தோற்றத்திலே அந்நாட்டுப் படையின் மௌசர் துவக்கை ஒத்திருந்தது. பல நிறுவனங்கள் அதனைச் செய்தன. நாசிக் கட்சியின் அணியினர் அதனைக்கொண்டே பயின்றனர். ஏறத்தாழ ஐந்தாண்டில் உலகப்போர் மூண்டது. அன்று போர் விளையாட்டின் தோலைப் போர்த்து வந்தது; இன்று விளையாட்டு போரின் தோலைப் போர்த்து நிற்கின்றது. எது எதைப் போர்த்தாலும், இரண்டும் பக்கத்துப் பக்கத்தே வாழ்வன என்பது தெளிவு.

காரணமற்ற அணிகள்

இக்காலத்து வேடத்துக்குப் பெரிதும் ஆளாவது, ஸ்ரேம் றூகர் நிறுவனம் 1964இல் வெளியிட்ட 10/22 என்னும் துவக்கு. பத்துத் தோட்டா கொள்ளும் ரவைக்கூடும், .22 என்னும் அளவுமே அதன் பெயராயின. விசையை ஒருமுறை அழுத்த ஒரு தோட்டா வெடித்து, அடுத்தது தானே வந்து அமரும். ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்டவை விற்பனையாகியுள்ளன. சோங்கும் குழலும் எளிதிற் பிரியத்தக்கனவாய் அமைந்தமையின், பிற நிறுவனங்கள் அதற்கென வகைவகையான மேனிகளைச் செய்து விற்கலாயின. உலகப்போரில் அமெரிக்க வீரர் ஏந்திய எம் 1 காபைனின் மரமேனி ஒன்று. எம் 16இன் கருமேனி மற்றொன்று. பின்னர் நிறுவனங்களே இவ்வேடத்தைத் தொழிற்சாலையிற் பூட்டி விற்றன. யேர்மன் நிறுவனமொன்று எம்பி 5 என்னும் புகழ்பெற்ற படைத்துவக்கின் சாயலிலே .22 துவக்குச் செய்தபோது, மூலத்தை ஆக்கிய நிறுவனம் தன் உருவைக் களவாடினர் என்று வழக்குத் தொடுத்தது.

போர்த்துவக்கின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு காரணம் உண்டு. எம் 16இன் சோங்கு குழலோடு நேர்கோட்டில் நிற்பது, உதைப்பினால் முனை மேலெழாதிருத்தற்கு. சோங்கு நேரானமையின், கைக்குத் தனிப்பிடி வேண்டியதாயிற்று. குழலைச் சூழ்ந்த துளையுடைய உறை, தொடர்ந்து சுடுவதால் எழும் சூட்டினின்று கையைக் காத்தற்கு. முனையிலுள்ள கவசம், தீச்சுடரைச் சிதறடித்தற்கு. சிறு துவக்கிலோ உதைப்பில்லை. கை பொறுக்காத சூடில்லை. கண்ணைக் கூசும் சுடரில்லை. பொருளுக்கு உதவாத அணியை மிகையென்பர் இலக்கண நூலோர். இவையும் பெரும்பாலும் அத்தகையனவே.

முற்றும் அங்ஙனமே என்று கூறுதல் நடுவுநிலையாகாது. நீளத்தைக் கூட்டிக் குறைக்கத்தக்க சோங்கு, குட்டையர்க்கும் இளையோர்க்கும் உண்மையாகவே உதவுகின்றது. தான் படையிலேந்திய துவக்கின் நினைவாக அதன் சாயலை விரும்பும் முதியவரும் உளர். குறைந்த செலவிற் பயில விழைவோரும் உளர். அவர்கள் நெஞ்சிலே தீங்கில்லை.

சட்டத்தின் கண்

அங்ஙனமாயின் சட்டம் எதனைக் காணல் வேண்டும்? 1994இல் அமெரிக்கப் பேராயம் இயற்றிய தடைச் சட்டம் உறுப்புகளை எண்ணியது. கழற்றத்தக்க ரவைக்கூடும் தானியங்கும் தன்மையும் உடைய துவக்கிலே, மடக்குச் சோங்கு, தனிப்பிடி, துவக்குக்கத்தி பொருத்துமிடம் முதலியவற்றுள் இரண்டு இருப்பின் அது தடைப்பட்டது. அச்சட்டத்தோடு இணைந்த விலக்குப் பட்டியலிலே 10/22 துவக்கின் பெயரும் இருந்தது. ஆயின் மடக்குச் சோங்கு இல்லாதது என்னும் அடையோடு. துவக்கு ஒன்றே, சன்னமும் ஒன்றே. மரச்சட்டையில் அது குற்றமற்றது, கருஞ்சட்டையில் ஐயத்துக்குரியது. 2004இல் அச்சட்டம் காலாவதியாயிற்று.

கலிபோர்னியாவின் சட்டம் உறுப்புகளை எண்ணும்போது நடுவெடித் தோட்டாத் துவக்குகளையே கணக்கிற்கொள்ளும். விளிம்புவெடித் துவக்கு எவ்வேடம் புனையினும் அவ்வெண்ணிக்கையிற் சேராது. அவுத்திரேலியாவின் நியூ சவுத் வேல்சு மாநிலத்திலோ, சன்னத்தின் அளவும் இயங்கும் முறையும் எவ்வாறிருப்பினும், தோற்றத்தாற் போர்த்துவக்கை ஒப்பது தடைப்பட்டது. 1996இல் போட் ஆதரில் 35 பேர் மாண்ட துயரத்தின் பின் அந்நாடு முழுதும் துவக்குச் சட்டங்கள் இறுக்கப்பட்டன. தானியங்கும் சிறு துவக்குகளும் அக்கட்டுப்பாட்டுக்குள் வந்தன. ஒரு சட்டம் தோலை உரித்துப் பசுவைக் காண்கின்றது. மற்றொன்று வேலிப்புறத்தே நிற்பவனின் கண்ணாற் காண்கின்றது.

துவக்கைக் கையில் வைத்திருப்பவனுக்கு முதலாவது நியாயமெனத் தோன்றும். காண்பவனுக்கோ தோட்டாவின் விளிம்பு தெரியாது. 2013 ஒக்டோபர் 22ஆம் நாள், கலிபோர்னியாவின் சாந்தா றோசாவிலே பதின்மூன்று வயதுச் சிறுவனொருவன் வீதியால் நடந்து சென்றான். அவன் கையிலிருந்தது ஏகே 47இன் வடிவிலமைந்த விளையாட்டுத் துவக்கு. விளையாட்டுத் துவக்கென்று காட்டுதற்கு நுனியில் இருக்கவேண்டிய செம்மஞ்சள் அடையாளம் அதில் இல்லை. காவலர் ஒருவர் அதனை மெய்யென்று கருதிச் சுட்டார், சிறுவன் மாண்டான். மறு ஆண்டிலே, அத்தகைய விளையாட்டுத் துவக்குகள் பளிச்சென்ற நிறமுடையனவாய் இருத்தல் வேண்டுமென்று அம்மாநிலம் சட்டஞ் செய்தது.

வடிவம் என்பது காண்பவனோடு பேசும் மொழி. சொல்லுவோன் உள்ளத்துப் பொருள் ஒன்றாயினும், கேட்போன் கொள்ளும் பொருளுக்கும் சொல்லுவோனே பொறுப்பாளியாவன். போரின் உருவை அணிவோர் இதனை எண்ணுதல் வேண்டும்.

நம் நாட்டவர்க்கு இஃது ஏட்டுச் செய்தியன்று. 1980களின் நடுப்பகுதி, வீதியாற் படை வாகனங்கள் செல்லத் தொடங்கிய காலம். பனைமட்டையைச் சீவி, சோங்கும் குழலும் வைத்து, அடுப்புக்கரி பூசி ஒரு துவக்குச் செய்து வைத்திருந்தேன். என் கைவினையில் எனக்குப் பெருமிதம். அம்மா அதனைப் பறித்து, முழங்காலில் வைத்து முறித்து, அடுப்பிலே செருகினார். நான் அழுதேன், அது வெறும் மட்டைதானே என்றேன்.

"தம்பி, மட்டையெண்டு உனக்குத் தெரியும். றோட்டாலை போறவனுக்குத் தெரியுமே?" என்றார் அம்மா.