நிற்கிற இடத்தில்தான் தேய்மானம்

ஜோகூரில் ஸ்கூடாய், மாசாய், கூலாய் பக்கத்துப் பட்டறைகளில் பழைய புரோட்டோன் சாகாவின் எஞ்சினைப் பிரிக்கும்போது கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஹெட்டைத் தூக்கிவிட்டார்கள். அடியில் எண்ணெய்ச் சட்டியும் கழன்றுவிட்டது. கனெக்டிங் ராடின் நட்டுகளையும் அவிழ்த்தாயிற்று. கீழ்வழியாக இழுக்க முடியாது, கிராங்க் குறுக்கே நிற்கும். அதனால் சுத்தியலின் மரப்பிடியை அடியில் கொடுத்து பிஸ்டனை மேலே தள்ளுவார்கள். வழுக்கிக்கொண்டு ஏறும். சிலிண்டரின் வாயை எட்டச் சில மில்லிமீட்டர் இருக்கையில் டக்கென்று நின்றுவிடும்.

கைப்பழக்கம் இல்லாதவர் இந்த இடத்தில்தான் ஓங்கித் தட்டுவார். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் உடையும், அது உட்கார்ந்திருக்கும் பள்ளத்தின் கரையும் பெயர்ந்துவரும். பழகியவர் பிஸ்டனைத் திரும்பக் கீழே இறக்கிவிட்டு, சிலிண்டரின் உள்சுவரில் விரல் நகத்தை வைத்து மேல்நோக்கி இழுப்பார். வாய்க்குச் சற்றுக் கீழே நகம் ஒரு படியில் தட்டும்.

அந்தப் படி எங்கிருந்து வந்தது? மேலே படிந்திருப்பது கரி, சுரண்டினால் போய்விடும். அதற்கடியில் இருப்பது இரும்பு. அதை யாரும் அங்கே கொண்டுவந்து ஒட்டவில்லை. தொழிற்சாலையில் கடைந்தபோது சிலிண்டர் எந்த அளவில் இருந்ததோ, அந்த அளவிலேயே இன்னும் இருக்கிற பகுதி அது. மேல் ரிங் எட்டாத இடம் என்பதால் தேயாமல் தப்பியது. அதற்குக் கீழே உள்ள சுவர்தான் தேய்ந்து அகன்றுபோயிருக்கிறது.

வியப்பு இனிமேல்தான். 1985இல் வந்த முதல் சாகாவின் 1.3 லிட்டர் எஞ்சின் மிட்சுபிஷியின் வடிவமைப்பு. வார்ப்பிரும்புச் சிலிண்டர், விட்டம் 71 மில்லிமீட்டர். அதற்குள் அலுமினிய பிஸ்டன் 82 மில்லிமீட்டர் ஏறி இறங்கும். நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால், நடுவழியில் பிஸ்டனின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 13 மீட்டர். மேல் முனையிலும் கீழ் முனையிலும் ஒரு கணம் அசையாமல் நின்று திரும்பும். எங்கே அதிகம் தேயும் என்று கேட்டால், வேகமாக உரசுகிற நடுப்பகுதியில்தான் என்று எல்லோரும் சொல்லிவிடுவோம். அளந்து பார்த்தால் நடுவில் தேய்மானம் குறைவு. பிஸ்டன் நின்று திரும்பும் மேல் முனையில், படிக்கு நேர் கீழேதான் சிலிண்டர் மிக அதிகமாகத் தேய்ந்திருக்கும்.

காரணத்தின் நுனி பிடிபட்டது 1883இல். இங்கிலாந்தில் பியூஷாம்ப் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சுகளின் பேரிங்குகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் ஊற்றுவதற்காகப் பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார். அச்சு சுழலத் தொடங்கியதும் துளை வழியே எண்ணெய் வெளியே வழிந்தது. மரத்தக்கையால் அடைத்தார்; எண்ணெய் தக்கையையே பிதுக்கித் தள்ளியது. சுழலும் அச்சு எண்ணெயை இழுத்து இடுக்குக்குள் திணிக்கிறது, திணிக்கப்பட்ட எண்ணெய் அத்தனை சுமையையும் தூக்கி நிறுத்துகிறது. இதன் கணக்கை ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1886இல் எழுதிக்காட்டினார். அடைமழையில் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும் காரின் டயர் சாலையைத் தொடாமல் தண்ணீர்மேல் மிதப்பதும் இதே கணக்குத்தான். காரோட்டிக்கு ஆபத்தான அந்த மிதப்பு, ரிங்குக்கு உயிர்காப்பு. வேகம் இருக்கும்வரை எண்ணெய்ப் படலம் ரிங்கைச் சுவரில் படவிடாது. வேகம் பூஜ்யமானால் படலம் மெலிந்து, இரும்பை இரும்பு தொட்டுவிடும்.

கீழ் முனையிலும்தானே பிஸ்டன் நிற்கிறது? நிற்கிறது. ஆனால் அங்கே சூடு குறைவு, எண்ணெய் தாராளம், அழுத்தமும் இல்லை. மேலேயோ சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் பெட்ரோல் வெடித்து எரிகிறது. எரியும் வாயு 2000 டிகிரி செல்சியஸையும் தாண்டும். அலுமினியம் உருகுவதோ 660இல். பிஸ்டன் உருகாமல் தப்புவதற்கு ரிங்குகள் ஒரு முக்கியக் காரணம். அதன் சூட்டில் பெரும்பகுதியைச் சுவருக்குக் கடத்துவது அவைதான். அதோடு வாயு ரிங்கின் முதுகுப்புறம் நுழைந்து அதைச் சுவரோடு சேர்த்து நெருக்குகிறது. ரயில் எஞ்சின்களுக்காக ஜான் ராம்ஸ்பாட்டம் 1852இல் கண்டுபிடித்த வெட்டுவாய் ரிங்கின் வழிவந்ததுதான் இன்றைய ரிங்கும். அழுத்தம் கூடக்கூட இறுக்கமாக அடைக்கும். அதே இறுக்கம்தான் சுவரையும் அரிக்கிறது.

ஜோகூர்க்காரர்களுக்கு இதில் ஒரு தனிக் கணக்கு உண்டு. சிங்கப்பூருக்குப் போக 1924இல் திறந்த கடற்பாலம் ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான் நீளம். அதைக் கடக்க நெரிசலில் இரண்டு மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் சும்மா நிமிடத்துக்கு 800 சுற்று ஓடிக்கொண்டிருந்தாலும் மொத்தம் 96,000 சுற்று. நெடுஞ்சாலையில் 3000 சுற்றில் 110 கிலோமீட்டர் வேகத்தில் போனால், அத்தனை சுற்றில் கிட்டத்தட்ட 59 கிலோமீட்டர் தாண்டியிருப்போம். சும்மா ஓடும் எஞ்சினில் வெடிப்பின் வலு குறைவு, அதனால் ஒரு சுற்றுக்கான தேய்மானமும் குறைவு என்பது உண்மை. ஆனாலும் பிஸ்டன் மேலே நின்று திரும்பியது 96,000 தடவை. மீட்டரில் ஏறியது ஒரே ஒரு கிலோமீட்டர். பழைய கார் வாங்குகிறவர் மீட்டரை நம்புவதைவிட அந்தப் படியை நம்பலாம்.

பிரிக்கும்போது இன்னும் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ராடையும் அதன் மூடியையும் சேர்த்துப் பூட்டித்தான் துளையைக் கடைந்திருப்பார்கள். ஒன்றின் மூடியை இன்னொன்றுக்குப் போட்டால் வட்டம் கெட்டுவிடும். அதனால் கழற்றுமுன் எண் குறிப்பார்கள். ராடின் போல்ட்டுகளுக்கு ரப்பர்க் குழாய்த் துண்டு மாட்டுவது, அவை கிராங்கைக் கீறிவிடாமல் இருக்க.

இப்போது பலர் இந்த வேலைக்கே போவதில்லை. பழைய கார்களின் பாகங்களை விற்கும் ஹாஃப்கட் கடையில் வேறு எஞ்சின் வாங்கிப் பொருத்திவிடுகிறார்கள். நேரம் மிச்சம்தான். ஆனால் வாங்கிய எஞ்சினின் சுவரிலும் ஒரு படி இருக்கும். எவ்வளவு உயரம் என்பது ஹெட்டைத் திறக்கும்வரை யாருக்கும் தெரியாது.

உங்கள் காருக்கு ரிங் மட்டும் மாற்றினால் போதும் என்று பட்டறையில் சொன்னால், படியை வெட்டிவிட்டீர்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். தேய்ந்த பழைய ரிங்கின் மேல்முனை மழுங்கிப்போய்ப் படியோடு ஒத்துப்போயிருக்கும். கூர்முனையோடு வரும் புது ரிங் அதில் மோதி, சில நாளிலேயே உடையக்கூடும். தேய்மானம் அளவு மீறியிருந்தால் சிலிண்டரை அகலக் கடைந்து பெரிய பிஸ்டன் போடுவதுதான் வழி; 0.25, 0.50 மில்லிமீட்டர் என்று பெரிய அளவுகளில் பிஸ்டன் கிடைக்கிறது.