வரி கட்டியாயிற்று, வகுப்புக்கு வாருங்கள்

வீட்டு வரி ரசீதை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். சொத்து வரியோடு ‘நூலக வரி’ என்று ஒரு தொகையும் சேர்ந்திருக்கும். ஒரு ரூபாய் சொத்து வரிக்கு 10 காசு என்பது கணக்கு. 1948-இல் சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்த அவினாசிலிங்கம் கொண்டுவந்த பொது நூலகச் சட்டம்தான் இதற்கு வழி செய்தது. நம் ஊர்க் கிளை நூலகத்துக்கு வரும் நாளிதழும், அலமாரியில் சேரும் புதுப் புத்தகமும் இந்தக் காசில் வருபவை.

“நூலகத்தில் கோடை முகாம் நடக்குது, இலவசம், பிள்ளையை அனுப்புங்க” என்று சொன்னால் சிலர், “இலவசமா? அப்ப என்னத்தச் சொல்லிக் கொடுத்துடப் போறாங்க டீச்சர்?” என்கிறார்கள். எனக்கு மனசு பொறுக்காது. “கட்டணத்தை ஏற்கெனவே கட்டியாச்சும்மா, போய் உட்கார வேண்டியதுதான் பாக்கி” என்பேன்.

மன்னார்குடிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஞாயிறு காலையில் எங்கள் கிளை நூலகத்தில் குழந்தைகளுக்குக் கதை சொல்கிறேன். கிளை நூலகங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. ஞாயிறன்று திறந்திருக்கும் என்பதே நிறையப் பேருக்குத் தெரியவில்லை.

எங்கள் நூலகம் ஒரு கூடமும் ஓர் அறையும்தான். கூடத்தில் பெரியவர்கள் பேப்பர் படிப்பார்கள். அறையில் பாயை விரித்தால் அது கதை வகுப்பு. ஐந்து வயதுப் பிள்ளையும் வரும், ஏழாம் வகுப்புப் பையனும் வருவான். ஒரே கதை இருவரையும் பிடித்து வைக்காது என்பதால் பெரிய பிள்ளைகளுக்கு வேலை கொடுத்துவிடுவேன். ஒருவன் யானை, ஒருத்தி மழை, இன்னொருவன் ஊர்க் கிணறு. கதை முடிந்ததும் அதோடு தொடர்புள்ள புத்தகங்களை, அட்டைப் படம் மேலே தெரியும்படி பாயிலேயே பரப்பி வைப்போம். எடுத்துப் படி என்று யாரும் சொல்வதில்லை. யானைக் கதை கேட்ட கை யானைப் புத்தகத்துக்குத் தானாகப் போகும். அலமாரியில் முதுகைக் காட்டி நிற்கும் புத்தகத்துக்கு அந்த வாய்ப்புக் கிடைப்பதில்லை.

பேரனை அழைத்து வரும் பாட்டி ஒருவர் முதலில் வாசற்படியிலேயே உட்கார்ந்திருப்பார். எழுதப் படிக்கத் தெரியாதவர். “எனக்கு இங்க என்னம்மா வேலை” என்று உள்ளே வரவே மாட்டார். ஒரு ஞாயிறு, 2018-இல் அடித்த கஜா புயலைப் பற்றிப் பேச்சு வந்தது. அப்போது கைக்குழந்தையாக இருந்தவர்களும், பிறக்காதவர்களும்தான் பாயில் அதிகம். வீட்டில் கேட்டதைச் சொன்னார்கள்: தென்னை எல்லாம் சாய்ந்தது, கரண்டு இல்லாமல் கிடந்தது. வாசற்படியிலிருந்து பாட்டி, “அதுக்கும் முன்னாடி ஒண்ணு அடிச்சுது, 77-ல” என்றார். நாகப்பட்டினத்தில் கரையேறிய 1977 நவம்பர்ப் புயல். உள்ளே வந்து உட்கார்ந்து சொல்லச் சொன்னோம். கூரை பறந்ததும் நெல் குதிருக்குப் பின்னால் பிள்ளைகளை உட்கார வைத்தது, விடிந்து பார்த்தால் நட்ட வயல் முழுக்கத் தண்ணீராக நின்றது, யார் வீட்டு மாடோ தங்கள் திண்ணையில் ஏறி நின்றது. அன்று நான் வாய் திறக்கவே தேவைப்படவில்லை. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி அதை நோட்டில் எழுதினாள். சின்னவர்கள் திண்ணை மாட்டை வரைந்தார்கள். அந்த நோட்டு இப்போது குழந்தைகள் அலமாரியில் மற்றப் புத்தகங்களோடு இருக்கிறது. தான் சொன்னதைப் பேரன் படிக்கக் கேட்பதற்கென்றே பாட்டி வருகிறார்.

நூலகம் படித்தவர்களுக்கு மட்டும் என்ற நினைப்பை எந்தச் சுவரொட்டியும் போக்கியதில்லை. இப்படி ஒரு நிகழ்ச்சிதான் போக்குகிறது.

இந்த மண்ணுக்கு இது புதிதும் இல்லை. மன்னார்குடியை ஒட்டிய மேலவாசல் கிராமத்தில்தான் 1931 அக்டோபரில் மாட்டுவண்டி நூலகம் புறப்பட்டது. மன்னார்குடியைச் சேர்ந்த கனகசபைப் பிள்ளை உருவாக்கிய வண்டி அது. புத்தகங்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனது. அதற்குத் துணை நின்றவர் சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன். கணக்கு ஆசிரியராக இருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானவர். நூலகக் கல்விக்காக இங்கிலாந்து போனபோது குரோய்டன் நகரப் பொது நூலகத்தில் பயிற்சி பெற்றார். ஊரில் உள்ள எல்லாத் தரப்பு மக்களும் நூலகத்தில் புழங்க முடியும் என்ற எண்ணத்தோடு திரும்பி வந்தார். நூலகவியலின் ஐந்து விதிகளை அவர் நூலாக வெளியிட்டதும் அதே 1931-இல்தான். புத்தகம் பூட்டி வைப்பதற்கு அல்ல, பயன்படுத்துவதற்கு என்பது அந்த விதிகளில் முதலாவதின் பொருள். அறைக்கும் அது பொருந்தும் என்பது என் எண்ணம். மாலை நான்கு மணிக்குக் காலியாகக் கிடக்கும் கூடமும் பூட்டி வைத்த புத்தகமும் எனக்கு ஒன்றுதான்.

பெரிய நூலகங்களில் வசதி அதிகம். சென்னை கோட்டூர்புரத்தில் 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பார்வையற்றோருக்குப் பிரெயில் பிரிவு, குழந்தைகளுக்கு உள்ளேயே ஒரு செயற்கை மரம் நிற்கும் தனிப் பிரிவு, சொந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து படிக்க இடம் என்று எல்லாம் உண்டு. சனிக்கிழமை மாலைகளுக்கென்று தொடங்கிய ‘பொன்மாலைப் பொழுது’ நிகழ்ச்சியில் எழுத்தாளர்களும் கலைஞர்களும் வந்து பேசியிருக்கிறார்கள். அங்கே போக முடியாதவர்கள் அந்தப் பேச்சுகளை யூடியூபில் கேட்கலாம். மதுரையில் 2023 ஜூலை 15 அன்று கலைஞர் நூற்றாண்டு நூலகத்தைத் திறந்தார்கள்.

ஆனால் என் கவலை எல்லாம் சின்ன நூலகங்களைப் பற்றியது. தமிழ்நாட்டில் கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் எல்லாம் சேர்த்து நான்காயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. பலவற்றில் ஒரே ஒரு நூலகர். கதவைத் திறப்பதும், பேப்பர் எடுத்துப் போடுவதும், புத்தகம் பதிவதும், மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குக் கணக்கு அனுப்புவதும் அவரே. அவரிடமே போய் ஓவிய வகுப்பும் நடத்துங்கள் என்று கேட்பது நியாயமில்லை.

அந்த இடத்தில்தான் ஊர்க்காரர்கள் வர வேண்டும். அதற்கான அமைப்பும் இருக்கிறது. நூலகங்களில் ‘வாசகர் வட்டம்’ என்று ஒன்று உண்டு. ஊரில் ஆர்வமுள்ளவர்கள் சேர்ந்து நூலகருக்குத் தோள் கொடுக்க அமைந்தது. 2022-இல் வந்த ‘நூலக நண்பர்கள்’ திட்டத்தில் தன்னார்வலர்கள் புத்தகங்களை வீடுதேடிக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். நடக்க முடியாத முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அது எவ்வளவு பெரிய துணை என்பதைக் கொண்டுபோய்க் கொடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். அந்த வாரத்தில் எல்லா நூலகத்திலும் ஏதாவது நடக்கும். சில ஊர்களில் அது சால்வையும் வரவேற்புரையுமாகவே முடிந்துவிடுகிறது. பிள்ளைகள் கைகட்டி உட்கார்ந்து கைதட்டிவிட்டுப் போகிறார்கள். அவர்கள் கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்து மடிக்கக் கற்றுக் கொடுத்தாலே அந்த நாளை மறக்க மாட்டார்கள்.

எங்கள் நூலகத்தில் கூட்டம் அதிகம் சேர்வது குரூப் 4 தேர்வுக்குப் படிப்பவர்களால். தஞ்சாவூருக்குப் போய்ப் பயிற்சி மையத்தில் பணம் கட்ட முடியாத பெண்கள்தான் பாதிப் பேர். முன்பு தேர்வெழுதி வேலைக்குப் போன ஒருவர் விடுமுறை நாளில் வந்து மாதிரித் தேர்வு வைக்கிறார். வினாத்தாளைத் தாங்களே நகலெடுத்து வருகிறார்கள். திருத்துவதும் ஒருவர் தாளை இன்னொருவர். கூச்சத்தில் வாய் திறக்காத பிள்ளை, விடை தப்பென்று அடுத்தவரோடு வாதாடும் அளவுக்கு வந்துவிடுகிறாள்.

உங்கள் ஊரில் தொடங்க வேண்டுமென்றால் பெரிய ஏற்பாடு தேவையில்லை. நூலகரிடம் போய், “சார், வாரத்துல ஒருமணி நேரம் என்னால இதைச் சொல்லிக் கொடுக்க முடியும், எந்த நேரம் இடம் காலியா இருக்கும்?” என்று கேளுங்கள். சதுரங்கம், தையல், அபாகஸ், பேச்சுத் தமிழில் தடுமாறாமல் மேடையேறுவது, எதுவானாலும் சரி. அவர் மேலிடத்தில் ஒரு வார்த்தை கேட்க வேண்டியிருக்கும், பொறுத்திருங்கள். மூன்று பிள்ளைகள் வந்தாலும் சொன்ன நாளில் சொன்ன நேரத்தில் நடத்துங்கள். ஒரு வாரம் விட்டால் அடுத்த வாரம் தாய்மார்கள் அனுப்ப யோசிப்பார்கள்.

எங்கள் ஊரில் பெரியவர்கள் இப்போது கேட்பது கைப்பேசி வகுப்பு. கரண்டு பில் கட்டுவது, ஆஸ்பத்திரிக்கு முன்பதிவு செய்வது, ஓ.டி.பி. கேட்டு வரும் போனுக்கு என்ன சொல்வது என்பதெல்லாம் தெரிந்தாக வேண்டுமாம். கல்லூரியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள் சொல்லித்தர ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். தையில் சம்பா அறுவடை ஓய்ந்ததும், சாயங்கால நேரத்தில் தொடங்கப் போகிறோம். கைப்பேசித் திரையைப் பெரிதாகக் காட்ட, பழைய டி.வி. ஒன்று யாரிடமாவது சும்மா கிடந்தால் நூலகத்தில் கொடுங்கள். பின்வரிசையில் உட்காரும் ஐயாமாருக்கும் எழுத்துத் தெரிய வேண்டும்.