வாறுகால் முதல் கடல் வரை – 11: மீன்குஞ்சு போன வழி

மதுரை செல்லூர் வழியாக வரும் பந்தல்குடிக் கால்வாய் வைகையில் விழும் இடத்தில் போன வாரம் நிறுத்தியிருந்தோம். தெருவோர வடிகாலான வாறுகாலில் விழும் மழைத்தண்ணீர் கடலுக்குப் போகும் வழியைப் பின்தொடர்கிறது இந்தத் தொடர். இந்த வாரம் பாம்பன் பக்கம் சின்னப்பாலத்துக்குப் போய், கடற்பாசி எடுக்கும் பெண்களைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் பொன்மேனியிலிருந்து ஒரு வாசகி தொலைபேசியில் பிடித்துக்கொண்டார். ஓய்வு பெற்ற ஆசிரியை.

"தம்பி, வாராவாரம் வைகை வைகைன்னே எழுதுறீங்களே, எங்க வீட்டுக்குப் பின்னால ஓடுறது ஒண்ணு இருக்கே, அதுக்கு எப்ப வருவீங்க?"

"கிருதுமாலைச் சொல்றீங்களாம்மா?"

"வேற எதைச் சொல்லப் போறேன்? அதை ஆறுன்னு சொன்னா இப்ப உள்ள பிள்ளைக சிரிக்குதுக. பெருமாள் மீனா வந்தது அதுலதான்யா."

கடைசியாக அவர் சொன்னது என்னை விடவில்லை. பாகவதத்தின் எட்டாம் ஸ்கந்தத்தைத் தேடி எடுத்தேன். மச்ச அவதாரக் கதை அங்கே இருக்கிறது. திராவிட நாட்டு மன்னன் சத்தியவிரதன் கிருதமாலை ஆற்றில் நின்று நீர்க்கடன் செய்கிறான். உள்ளங்கையில் அள்ளிய தண்ணீரோடு ஒரு மீன்குஞ்சு வந்துவிடுகிறது. திரும்ப ஆற்றில் விடப் போனால், பெரிய மீன்கள் தின்றுவிடும், காப்பாற்று என்று கெஞ்சுகிறது. கலசத்தில் போட்டுக்கொண்டு போகிறான். ஒரே இரவில் கலசம் போதவில்லை. தொட்டியில் விட்டான், அதுவும் போதவில்லை. குளத்துக்கு மாற்றினான், அதைவிடப் பெரிய நீர்நிலைகளுக்கு மாற்றினான். எதிலும் அடங்காத மீனைக் கடைசியில் கடலில் கொண்டுபோய் விடுகிறான்.

அந்தக் கிருதமாலை இன்றைய கிருதுமால்தான் என்பது மதுரையில் வழிவழியாக வரும் நம்பிக்கை. வைகையைத்தான் அப்படிச் சொன்னார்கள் என்போரும் உண்டு. எதுவாகவும் இருக்கட்டும். நான் அசந்துபோனது அந்த மீன் போன வழியைப் பார்த்து. கைத்தண்ணீர், கலசம், தொட்டி, குளம், ஏரி, கடல். இந்தச் சமவெளியில் மழைத்தண்ணீர் போகும் வரிசையும் கிட்டத்தட்ட இதுதான். வாசலில் விழுந்தது வாறுகாலுக்குப் போகும். அங்கிருந்து கால்வாய், கால்வாயிலிருந்து கண்மாய். கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். இப்படியே இறங்கி இறங்கிக் கடல். பாண்டிய நாட்டுத் தண்ணீரின் போக்கைக் கண்ணால் கண்ட யாரோ ஒருவர் கட்டிய கதை என்றே எனக்குத் தோன்றுகிறது.

படத்தை விரித்துப் பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது. கிருதுமால் நாகமலை அடிவாரத்தில் தொடங்கி, பொன்மேனி, எல்லீஸ் நகர், கீரைத்துறை, சிந்தாமணி என்று ஊரின் தென்பாதியைச் சுற்றிக்கொண்டு வெளியேறுகிறது. அதன்பின் நரிக்குடிச் சீமைக் கண்மாய்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே போய்க் குண்டாற்றோடு சேர்கிறது. குண்டாறு மூக்கையூரில், மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. வைகையோ மானாமதுரை, பரமக்குடி வழியாக ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்குப் போய், மிச்சம் இருந்தால் ஆற்றங்கரை என்ற ஊரருகே பாக் விரிகுடாவில் விழுகிறது. ராமேசுவரத் தீவுக்கு வடபுறம் ஒரு கடல், தென்புறம் ஒரு கடல். செல்லூரில் பெய்த மழைக்கு வழி வடகடலுக்கு, சிந்தாமணியில் பெய்த மழைக்கு வழி தென்கடலுக்கு. கடலே இல்லாத ஊர் என்று நாம் சொல்லிக்கொள்ளும் மதுரைக்கு இரண்டு கடல்கள்!

பெரும்பாலான ஆண்டுகளில் இந்தத் தண்ணீர் கடல்வரை போய்ச் சேர்வதில்லை என்பது உண்மை. வழியில் உள்ள கண்மாய்கள் வாங்கி வைத்துக்கொள்கின்றன. தண்ணீரை மட்டுமா வாங்குகின்றன? ஐப்பசியில் விழும் முதல் கனமழை, கோடை முழுக்கத் தெருவில் சேர்ந்ததை ஒரே வீச்சில் வழித்துக்கொண்டு வருகிறது. மெக்கானிக் ஷெட்டில் ஊற்றிய பழைய ஆயில், டயர் தேய்ந்த கரித்தூள், மெஸ் வாசலில் கொட்டிய எச்சில் இலை, மாட்டுச்சாணம், கேரி பேக். மழைநீர்க் கால்வாயில் திருட்டுத்தனமாக இணைத்த கக்கூஸ் குழாய்களின் கழிவு தனி. பாதாளச் சாக்கடைத் தண்ணீருக்காவது அவனியாபுரத்திலும் சக்கிமங்கலத்திலும் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. வாறுகால் தண்ணீரில் பெரும்பகுதிக்கு நடுவில் நிலையம் இல்லை. கண்மாய்தான் நிலையம். ஓட்டம் நின்றதும் வண்டல் அடியில் தங்கும், பாலித்தீன் மடைவாயை அடைக்கும். மதுரை எறிந்ததைக் கடலுக்குப் போகவிடாமல் தாங்கிக்கொண்டிருப்பவை கீழ்நாட்டுக் கண்மாய்கள். அவை தாங்கமுடியாத பெருவெள்ள ஆண்டுகளில் எல்லாம் மொத்தமாகக் கடலுக்குப் போகிறது.

கடலுக்குள் என்ன ஆகிறது? கரையோர ஆழமில்லாத நீரில் கடற்புல் வளர்கிறது. அதற்கு வெயில் வேண்டும். கலங்கல் தண்ணீர் வந்து வெயிலை மறைத்தால் புல் வாடும். சாக்கடைச் சத்து சேர்ந்தால் பாசி மிஞ்சிப் படர்ந்து புல்லை மூடும். அந்தப் புல்லைத் தின்று வாழ்வது ஆவுளியா என்ற கடற்பசு. அதைக் காப்பதற்காக 2022 செப்டம்பரில் தமிழக அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டர் கடலை ஒதுக்கியது. நல்ல வேலை. ஆனால் அந்தக் கடலுக்கு வேலி போட முடியாது.

இனி நான் சொல்ல வந்த விஷயம். கடலைக் காப்பது பற்றி விழிப்புணர்வு என்றால் உடனே கடற்கரைக்குப் போகிறோம். மீனவக் குப்பங்களில் பேனர் கட்டுகிறோம், பள்ளிப் பிள்ளைகளுக்குக் கையுறை கொடுத்துக் குப்பை பொறுக்கச் சொல்கிறோம். மேட்டிலிருந்து வந்த குப்பைக்குப் பள்ளத்தில் இருப்பவர்களுக்குப் பாடம் நடத்துவது நியாயமா? கடலில் கிடக்கும் பிளாஸ்டிக் அவர்கள் வலையைத்தான் முதலில் கிழிக்கிறது. அவர்களுக்குத் தெரியாததை நாம் சொல்லிவிடப் போவதில்லை.

கொல்லம் அருகே நீண்டகரையில் 2017-இல் தொடங்கிய வேலையைப் பாருங்கள். வலையில் மீனோடு சிக்கும் பிளாஸ்டிக்கை விசைப்படகுக்காரர்கள் திரும்பக் கடலில் எறியாமல் கரைக்குக் கொண்டுவந்தார்கள். மீனவக் குடும்பப் பெண்கள் அதைத் தரம் பிரித்து, கழுவி, துருவலாக்கினார்கள். துருவல் தாரோடு கலந்து சாலைக்குப் போனது. அந்தச் சாலை வித்தை எங்கிருந்து வந்தது தெரியுமா? திருப்பரங்குன்றத்திலிருந்து! தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் கண்டுபிடித்த முறை அது. 2006-இல் கல்லூரிக்குக் காப்புரிமை கிடைத்தது, 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ. கடலில் அள்ளிய பிளாஸ்டிக்குக்கு வழி சொன்ன ஊர், தன் வாறுகாலில் கிடப்பதற்கு வழி தேடாமல் இருக்கலாமா?

அந்த வழியைத் தேடும்போது பழைய சட்டம் ஒன்று அகப்பட்டது. வடக்கே சிப்பாய்க் கிளர்ச்சி இன்னும் அடங்காத 1858-இல், அந்த ஆண்டின் முதல் சட்டமாகச் சென்னை மாகாணத்துக்குப் போட்டது. கட்டாய உழைப்புச் சட்டம் என்று பெயர். பாசனத்துக்கோ வடிகாலுக்கோ ஊர் கூடி வேலை செய்யும் வழக்கம் உள்ள இடத்தில், கடமைப்பட்டவர் தக்க காரணம் இல்லாமல் வராவிட்டால், அவர் செய்யவேண்டிய உழைப்பின் மதிப்பைப் போல் இரண்டு மடங்கு கட்டவேண்டும். ஊர் கூடி நீர்நிலையைப் பராமரிக்கும் குடிமராமத்துக்கு வெள்ளைக்காரன் எழுதிய எழுத்து வடிவம் இது. அந்தச் சுமை அன்று யார் முதுகில் ஏறியது என்று நமக்குத் தெரியும். நிலம் இல்லாதவர்தான் மண் சுமந்தார். அந்தக் கட்டாயம் திரும்ப வரவேண்டாம். ஆனால் அந்தச் சட்டத்தில் பாசனத்துக்குப் பக்கத்திலேயே வடிகாலும் நிற்கிறது. 2017-இல் தமிழக அரசு குடிமராமத்துக்கு மறுபடி உயிர் கொடுத்தபோது கண்மாய்க்கும் வரத்துக்கால்வாய்க்கும் ஆள் சேர்ந்தது. நகரத்து வாறுகால் நினைவுக்கு வரவில்லை. வாறுகாலில் அள்ளிய மண்ணைக் கரையிலேயே குவித்துவிட்டுப் போவதும் அடுத்த மழையில் அது உள்ளே இறங்குவதும் இன்றும் நடக்கிறது. 2024 அக்டோபர் 25 அன்று பெய்த கனமழையில் செல்லூர் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை யாரும் மறந்திருக்க முடியாது.

வாறுகாலை நினைவில் வைக்க மற்ற ஊர்களில் என்ன செய்கிறார்கள்? அமெரிக்கக் கடலோர நகரங்கள் பலவற்றில் மழைநீர்ச் சாக்கடை வாயருகே இது கடலுக்குப் போகிறது என்று எழுதிவைக்கிறார்கள். ஊர்க்காரர்களும் பள்ளிப் பிள்ளைகளுமே வண்ணம் பூசுவதும் உண்டு. நமக்கு அது போதாது. நம் கடல் தூரத்தில் இருக்கிறது, நடுவில் மனிதர்கள் இருக்கிறார்கள். எல்லீஸ் நகர்ப் பாலத்தில் 'கிருதுமால் நதி. இந்தத் தண்ணீரை நம்பியிருப்பது நரிக்குடி. போய்ச் சேரும் இடம் மூக்கையூர்' என்று பெரிய எழுத்தில் எழுதவேண்டும். பந்தல்குடிக் கால்வாயில் பரமக்குடியையும் ஆற்றங்கரையையும் எழுதவேண்டும். எழுதுவது அந்தந்தத் தெருப் பிள்ளைகளாக இருக்கவேண்டும். மூக்கையூர்ப் பிள்ளைகள் ஒருநாள் பஸ் ஏறி வந்து அதைப் படித்துப் பார்க்கவேண்டும். பொன்மேனி ஆசிரியையிடம் இதைச் சொன்னேன். "பெயிண்ட் செலவு என்னோடதுய்யா, தேதியை மட்டும் சொல்லுங்க" என்றார்.

சின்னப்பாலம் அடுத்த வாரத்துக்குப் போகிறது. கடற்பாசியை மாதத்தில் எத்தனை நாள் எடுக்கலாம் என்று தாங்களே பேசி வரம்பு கட்டிக்கொண்ட பெண்கள் அவர்கள். மீன்பிடித் தடைக்காலத்தில் பாசியையும் தொடுவதில்லை. அந்த வரம்பு எப்படி உருவானது, மீறினால் என்ன செய்கிறார்கள் என்பதை அங்கே போய்க் கேட்டு எழுதுகிறேன்.

(தொடரும்)