பெரியவர் போன வீடு

ஆவடியில் 1955-ஆம் வருஷம் ஜனவரி மாதம் காங்கிரஸ் மகாசபை கூடியபோது சென்னைக்கு மேற்கே ஏரிகளும் நெல்வயல்களுமே அதிகம், ஆலைகள் சிலவே. அதற்குப் பின் பத்து வருஷங்களுக்குள் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும், 1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் ஏற்படவே, பூர்வீக நிலம் எல்லாப் பிள்ளைகளுக்கும் போதாத குடும்பங்களிலிருந்து இளைஞர்கள் டிரங்குப் பெட்டியும் கையுமாக வந்து, ஷிப்டு வேலை பார்த்து, கொரட்டூரிலும் திருமுல்லைவாயிலிலும் பூந்தமல்லியிலும் கடன் வாங்கி, அரை கிரவுண்டு மனையில் ஆளுக்கொரு வீடு கட்டிக்கொண்டார்கள். அவர்களுடைய தாய் தந்தையர் ஊரிலேயே இருந்து ஊரிலேயே கண் மூடினார்கள். தந்தி கண்டு ரெயிலேறிப் போனவர்களுக்குச் செய்யவேண்டிய கிரியைகளைச் சொல்லிக்கொடுக்க அங்கே பங்காளிகள் இருந்தார்கள். இப்போது அந்த இளைஞர்களே எண்பதைக் கடந்த விருத்தர்களாகி, ஒருவர்பின் ஒருவராக விடைபெற்று வருகிறார்கள். அவர்கள் கட்டிய வீடுகள் பார்க்கும் முதற் சாவு பெரும்பாலும் அவர்களுடையதே.

எண்பது வயதில் போனவருக்காக அழுவது மிகை என்ற ஓர் எண்ணம் நம்மிடையே உண்டு. ‘கல்யாணச் சாவு’ என்கிறோம்; ‘யாருக்கும் பாரமில்லாமல் போய்விட்டார், கொடுத்துவைத்தவர்’ என்கிறோம். இவை பொய்யல்ல, ஆனால் போனவருக்குப் பொருந்தும் இந்தச் சமாதானம் இருப்பவருக்கு எட்டுவதில்லை. அறுபதை எட்டிய மகன், தானே பேரன் எடுத்தவன், தாயை இழந்து தேம்பினால் வந்தவர்கள் சற்றே சங்கடப்படுகிறார்கள். அவனைக் காட்டிலும் பரிதாபம், என் அபிப்பிராயத்தில், அந்த வீட்டு மருமகளின் நிலைமை. வருஷக்கணக்காக வேளை தவறாமல் மாத்திரை கொடுத்து, படுக்கை மாற்றி, இரவில் இருமல் சத்தம் கேட்டு எழுந்து பழகிய உடம்பு, எழுந்து செய்ய ஒன்றுமில்லாத இரவிலும் அதே நேரத்துக்கு விழித்துக்கொள்கிறது. துக்கம் விசாரிக்க வருகிறவர்களோ, மகன்களிடமும் மகள்களிடமும் கையைப் பிடித்துப் பேசிவிட்டு, அவளிடம் காப்பி வாங்கிக் குடித்துப் போகிறார்கள்.

அடுப்பு மூட்டாத வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் சோறு கொண்டுவருவதும், சம்பந்தி வீட்டார் கோடித்துணி எடுத்துவருவதும், பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிப்பதும் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலையைக் கொடுத்துவிடுகின்றன. துக்கத்தில் செயலற்று உட்கார்ந்திருப்பதைப்போல் கொடுமை வேறில்லை. ஆனால் பங்காளிகள் ஒரு ஜில்லாவிலும் சம்பந்திகள் வேறொரு ஜில்லாவிலும் இருக்கிற இப்பகுதியில், முதலில் ஓடி வந்து நிற்பவர்கள் தொழிற்சாலையில் ஒரே ஷிப்டில் வேலை செய்தவர்களும், குவார்ட்டர்ஸில் அடுத்த வீட்டில் குடியிருந்தவர்களுமே; ஜாதியும் பாஷையும் வேறாயிருந்தும், ‘பெரியப்பா’, ‘அத்தை’ என்று பிள்ளைகள் அழைத்து வளர்ந்த மனிதர்கள் அவர்கள். தகப்பனாரின் வாலிபப் பிராயத்தை அறிந்த சாட்சிகளும் அவர்களே. மயானத்திலிருந்து திரும்பியதுமுதல் பதினாறாம் நாள் காரியம் வரையில், மாலை வேளைகளில் அண்ணன் தம்பிகளும் அக்காள் தங்கைகளும் பாயை விரித்து உட்கார்ந்து, அப்பா ராத்திரி ஷிப்டு முடிந்து வாங்கிவந்த மிக்சர் பொட்டலத்தைப் பற்றியோ, கணக்குப் பரீட்சைக்காக அவரிடம் வாங்கிய அடியைப் பற்றியோ பேசத் தொடங்கி, அழுகைக்கு நடுவே யாரோ சிரித்துவிட, பிறகு எல்லாரும் சிரிக்க நேருகிறதே, அதற்கு ஈடான ஔஷதம் எந்த வைத்தியரிடத்தும் இல்லை.

காந்தியடிகள் பாரிஸ்டர் படிப்பை முடித்து 1891-இல் பம்பாயில் வந்து இறங்கிய பிறகுதான், தம் அன்னை புத்லிபாய் காலமான செய்தியை அறிந்தார். அந்நிய தேசத்தில் தனியாக இருக்கும் தம்பிக்கு அந்த அதிர்ச்சி வேண்டாமென்று அண்ணன் மறைத்து வைத்திருந்தார். தகப்பனாரின் மரணத்தைவிட இது பெரிய துக்கமாயிருந்ததென்று காந்தியடிகள் தம் சுயசரிதையில் எழுதுகிறார். இன்றைக்கு அமெரிக்காவிலிருக்கும் மகனுக்குச் செய்தி ஒரு நிமிஷத்தில் போய்ச்சேருகிறது. விமானம் கிடைக்காவிட்டால், தம்பி கொள்ளி வைப்பதைக் கைப்பேசியில் பார்க்கிறான். அந்த அண்ணன் மறைத்தது சரியா என்பது வேறு விஷயம்; துக்கச் செய்தியைக் கேட்கிறவன் பக்கத்தில் மனிதர் ஒருவர் வேண்டுமென்று அவர் நினைத்தது உசிதமே. ஆகவே, வெளிநாட்டிலுள்ள பிள்ளைக்குச் சொல்லுமுன் அங்கே அவனருகில் வசிக்கும் சிநேகிதர் ஒருவருக்குச் சொல்லி அனுப்புவது நல்லது.

சிக்மண்ட் பிராய்டு 1917-இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், போனவரிடமிருந்து மனம் தன் பற்றைச் சிறிது சிறிதாக விடுவித்துக்கொள்வதே துக்கத்தின் வேலை என்றார். மேல்நாட்டு மனோதத்துவ நிபுணர்கள் வெகுகாலம் அதையே பிரமாணமாகக் கொண்டிருந்தார்கள். 1996-இல் டென்னிஸ் கிளாஸ் முதலிய மூவர் தொகுத்த நூலொன்று, ஜப்பானியரின் பிதிர் வழிபாட்டையும் ஆராய்ந்து, இறந்தவரோடு உள்ள உறவு அறுவதில்லை, உருமாறித் தொடர்கிறது என்று வாதித்தது. அமாவாசைதோறும் சோற்றை வைத்துவிட்டுக் காக்கை வந்து கொத்தும்வரை தாம் சாப்பிடாமல் காத்திருக்கும் நம் பாட்டிமாருக்கு இதில் புதுமை ஒன்றும் தோன்றாது.

காரியம் முடியுமுன்பே சில வீடுகளில் பத்திரப் பேச்சு எழுகிறது. அரை கிரவுண்டு மனைக்கு இன்று விலை அப்படி. மரணத்தை 21 நாளுக்குள் பதிவு செய்வதையும், தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழுக்கு மனுச் செய்வதையும் தள்ளிப்போட வேண்டாம். உயில் எழுதாமல் தகப்பனார் இறந்த ஹிந்துக் குடும்பத்தில், அவர் சுயார்ஜிதமாகச் சம்பாதித்த வீட்டில் மனைவிக்கும் ஒவ்வொரு மகனுக்கும் ஒவ்வொரு மகளுக்கும் சமபங்கு என்பது 1956-ஆம் வருஷத்து வாரிசுரிமைச் சட்டம். தம் பங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திடும்படி அம்மாவை அந்தத் துக்கத்திலேயே கேட்பதும், மாதத்துக்கு ஒரு பிள்ளை வீடு என்று அவரை முறைபோட்டு அனுப்புவதும் நியாயமல்ல. ஐம்பது வருஷம் புழங்கிய அடுப்பங்கரையில் அவர் ஒரு வருஷமாவது இருக்கட்டும். முறைபோட்டுக்கொண்டு பிள்ளைகள் அங்கே வந்து தங்கட்டும்.

மாதங்கள் பல கழிந்தும் உண்ணவும் உறங்கவும் மாட்டாமல் ஒருவர் தவித்தால், 14416 என்ற அரசாங்கத்தின் ‘டெலி மானஸ்’ எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். பெரும்பாலோருக்கு அவ்வளவு தூரம் போகவேண்டியிராது. வந்துபோக ஆள் இருந்தால் போதும். பந்தலைப் பிரித்து, வந்தவர்கள் ஊர் திரும்பி, வீடு வெறிச்சோடுவது பதினாறாம் நாளுக்குப் பிறகே. ஆகையால், துக்கம் விசாரித்ததோடு கடமை தீர்ந்ததென்று இருந்துவிடாமல், இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போய், அந்த மருமகளையும் உட்காரச் சொல்லி, அரைமணி நேரம் பேசிவிட்டு வாருங்கள்.