அடித்த சொல்லையும் விடாத குறிகள்

மேரி ஷெல்லி 1816-17இல் எழுதிய ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலின் கையெழுத்துப்படி ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. எங்கு பார்த்தாலும் அடித்தல், திருத்தல், ஓரத்தில் செருகல். சில மேரியின் கை. சில அவர் கணவர், கவிஞர் பெர்சி ஷெல்லியின் கை. நாவலில் கணவரின் பங்கு எவ்வளவு என்று ஆய்வாளர்கள் நெடுநாளாக வாதாடி வருகிறார்கள். கையெழுத்துப்படியைச் சாதாரணமாகத் தட்டச்சு செய்தால் இறுதி வாக்கியம்தான் மிஞ்சும். வாதத்துக்கான சான்று காணாமல் போய்விடும்.

2013இல் இணையத்துக்கு வந்த ஷெல்லி-காட்வின் ஆவணக்காப்பகம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. அடித்த சொல்லின் இருபுறமும் ஒரு குறி, செருகிய சொல்லுக்கு வேறொரு குறி, கூடவே யாருடைய கை என்ற விவரம். வாசகர் விரும்பினால் பெர்சி எழுதியதை மட்டும் திரையில் தனியே பிரித்துப் பார்க்கலாம்.

இந்தக் குறிகளை ஆவணக்காப்பகக் குழு தானே உருவாக்கவில்லை. நூல்களைக் கணினியில் ஏற்றிய ஒவ்வொரு குழுவும் தனக்கென ஒரு முறை வைத்துக்கொண்டதால் ஒருவர் கோப்பு மற்றவருக்கு உதவாத காலம் ஒன்று இருந்தது. அதை முடிவுக்குக் கொண்டுவர 1987 நவம்பரில் நியூயார்க் மாநிலத்து வாசர் கல்லூரியில் அறிஞர்கள் கூடினார்கள். அங்கே பிறந்ததுதான் டி.இ.ஐ. என்ற பனுவல் குறியாக்க முயற்சி. அதன் முழுமையான நெறிமுறைகள் 1994இல் வந்தன. பதிப்பாசிரியர்களில் ஒருவரான ஸ்பெர்பெர்க்-மக்வீன், இன்று கணினி உலகெங்கும் புழங்கும் எக்ஸ்எம்எல் குறியாக்கத் தரத்தை 1998இல் தொகுத்தவர்களிலும் ஒருவர். இலக்கிய ஆய்வாளர்களின் தேவை தொழில்நுட்பத்தின் அடித்தளம் வரை போய்ச் சேர்ந்ததை நான் பெருமையாகவே சொல்வேன்.

ஆனால் டி.இ.ஐ. குறிகளும் இன்று பின்பற்றும் எக்ஸ்எம்எல்லுக்கு ஒரு கண்டிப்பு உண்டு: ஒரு குறி இன்னொன்றுக்குள் முழுதாக அடங்க வேண்டும், பாதி உள்ளே பாதி வெளியே கூடாது. எழுதுகிறவர் பேனா இதற்குக் கட்டுப்படுமா? ஒரு பத்தியின் நடுவில் தொடங்கிய அடிப்பு அடுத்த பத்தியின் நடுவில் முடியும். அப்போது அடிப்பு தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் வெற்றுக் குறிகளை நட்டு, இரண்டையும் ஓர் அடையாளப் பெயரால் இணைக்கிறார்கள். அழகான தீர்வு என்று சொல்ல முடியாது. ஆனால் உண்மை குலையாமல் நிற்கிறது.

டி.இ.ஐ. தரத்தில் நான் மிகவும் மதிப்பது சந்தேகத்துக்கு அது தரும் இடம். எழுத்து தெளிவாக இல்லையா, எவ்வளவு உறுதி, இப்படிப் படித்தவர் யார் என எல்லாவற்றையும் கோப்பிலேயே பதியலாம். கல்வெட்டுகளுக்கென இதிலிருந்து கிளைத்த எபிடாக் முறையில், ஐரோப்பிய ஆய்வு மன்ற நிதியுடன் 2019இல் தொடங்கிய ‘தர்மா’ திட்டம் தமிழ்க் கல்வெட்டுகளையும் பதிந்திருக்கிறது. சிதைந்த இடத்தில் அறிஞர் ஊகித்து நிரப்பிய எழுத்துக்குத் தனிக் குறி உண்டு. ஆகவே ஊகங்களை எல்லாம் ஒதுக்கிவிட்டு, கல்லில் உண்மையாகவே இருக்கும் எழுத்துகளில் மட்டும் தேடும்படி கணினியிடம் கேட்க முடியும்.